அரைப்புள்ளி: கட்டாயமா, விருப்பமா?

நாகர்கோவில் வடசேரியில் மாலை நேரங்களில் நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். வாரம் ஒருமுறையாவது இந்தச் சண்டை வந்துவிடும்: கூற்றின் (கணினிக்கு இடும் ஒரு கட்டளையின்) முடிவில் அரைப்புள்ளி (;) கட்டாயமா, விட்டுவிட்டால் நிரல்மொழி பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

சி, ஜாவா இரண்டும் கறார். அரைப்புள்ளி இல்லையென்றால் நிரல் தொகுக்கப்படாது, அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாறாது. பிழைச்செய்தி சில நேரம் அடுத்த வரியைக் காட்டிப் புதியவர்களை அலைக்கழிக்கும். ஆனாலும் தவறு அப்போதே தெரிந்துவிடும்.

ஜாவாஸ்கிரிப்ட் தாராளம். விட்ட இடத்தில் தானே போட்டுக்கொள்ளும். அங்கேதான் வினை. அப்பாவின் நேந்திரங்காய் சிப்ஸ் கடைக்கு ரசீது நிரல் எழுதிய மாணவன், 'ரிட்டர்ன்' (விடையைத் திருப்பிக் கொடு) என்று தட்டிவிட்டு, விலையையும் வரியையும் கூட்டும் கணக்கை அடுத்த வரியில் எழுதினான். மொழியோ 'ரிட்டர்ன்' முடிந்ததுமே அரைப்புள்ளி வைத்துவிட்டது. ரசீதில் தொகை வர வேண்டிய இடத்தில் 'அன்டிஃபைன்ட்', அதாவது மதிப்பே இல்லை. "சார், நான் கூட்டத்தானே சொன்னேன்?" என்றான். பிழைச்செய்தி ஒன்றுகூட இல்லை. கண்டுபிடிப்பதற்குள் வாங்கிவைத்த சுக்குக்காப்பி ஆறிவிட்டது. எதிர்க்கதையும் உண்டு: அடுத்த வரி அடைப்புக்குறியில் தொடங்கினால் முந்தைய வரியோடு ஒட்டிக்கொள்ளும்.

பைத்தானில் வரி முடிந்தால் கூற்றும் முடிந்தது. கூற்றை அடுத்த வரிக்கு நீட்டுவதற்கு அடைப்புக்குறிக்குள் எழுதினால் போதும். கோ மொழியும் அரைப்புள்ளியைத் தானே செருகுகிறது, ஆனால் வரியின் கடைசிக் குறியை மட்டும் பார்த்து. அதனால் திறக்கும் நெளி அடைப்பை ({) கீழ்வரிக்குத் தள்ள முடியாது. இப்படிக் கறாரான சலுகை என்றால் எனக்குச் சம்மதம். ஜாவாஸ்கிரிப்டில் மட்டும் மாணவர்களை அரைப்புள்ளி போடவைக்கிறேன். 'ரிட்டர்ன்' பொறியிலிருந்து அதுவும் காப்பாற்றாது என்பது வேறு விஷயம்.