இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு அப்புறம்: பழைய இன்னோவாவா, பழைய டிசையர் டீசலா?

பழைய டீசல் கார் தேடுகிறவர்களின் பேச்சு சுற்றிச் சுற்றி இந்த இரண்டில்தான் வந்து நிற்கும்: டொயோட்டா இன்னோவா 2.5, மாருதி டிசையர் 1.3. இரண்டுமே டாக்ஸி ஸ்டாண்டில் உழைத்துப் பேர் வாங்கியவை. விலையும் அளவும் வேறுதான். இன்ஜின் இன்னும் எவ்வளவு தாங்கும் என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

இன்னோவாவில் 2005 முதல் 2016 வரை வந்தது 2494 சிசி இன்ஜின், 102 குதிரைசக்தி. டிசையரில் இருப்பது ஃபியட் உருவாக்கிய 1248 சிசி மல்டிஜெட், 75 குதிரைசக்தி. இன்ஜின் அளவில் ஒரு லிட்டருக்கு எத்தனை குதிரைசக்தி என்று கணக்குப் போட்டால் இன்னோவா தருவது சுமார் 41, டிசையர் 60. அதாவது சின்ன இன்ஜின் எப்போதும் கொஞ்சம் மூச்சு வாங்கியே வேலை செய்கிறது. பெரியதற்கு அந்த அவசரம் இல்லை. ஏசி போட்டு, ஏழு பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறினாலும் அது நிதானமாகவே இழுக்கும். லட்சக்கணக்கில் ஓடிய இன்னோவாக்களை இன்ஜின் பிரிக்காமலே பார்க்க முடிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

டிசையரில் கவனிக்க வேண்டியது, வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின். செயின் என்றால் ஆயுள் முழுக்க வரும் என்று சொல்லி விற்பார்கள், நம்பிவிடாதீர்கள். அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இன்ஜின் ஆயிலின் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. இந்த இன்ஜினில் பிடிக்கும் ஆயிலோ மூன்று லிட்டர் அளவுதான். அதில் அரை லிட்டர் குறைந்தாலும், மாற்றும் தேதியைத் தள்ளிப்போட்டாலும் முதலில் அடி வாங்குவது செயின். நீண்டுபோன செயின் பல் தாவினால் வால்வுகளை அழுத்தும் ராக்கர்கள் உடையும். அப்புறம் பெரிய செலவுதான்.

இன்னோவாவில் அதே வேலையைச் செய்வது டைமிங் பெல்ட். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, வால்வுகள் இருக்கும் மேல்பாகமான ஹெட்டே போய்விடும் என்பது உண்மை. ஆனால் பெல்ட்டுக்கு மாற்றும் கிலோமீட்டர் என்று ஒன்று உண்டு, டேஷ்போர்டில் அதற்கென்றே விளக்கு எரியும். எனக்கு இது பெரிய நிம்மதி. செலவு எப்போது வரும் என்று முன்பே தெரிகிறது. இன்னோவாவின் நிஜமான பலவீனம் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். வண்டி நின்றபடி ஓடும்போது (ஐடிலில்) தட்டுவதும் கறுப்புப் புகையும் அதன் அறிகுறிகள். நான்கையும் மாற்றினால் பில் கனக்கும்.

உதிரிபாகத்தில் டிசையர்தான் முந்துகிறது. இதே 1.3 ஸ்விஃப்ட்டிலும் எர்டிகாவிலும், டாடா, ஃபியட் கார்களிலும் வந்தது. சின்ன ஊர் பட்டறையிலும் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் இருப்பார்.

எந்த வண்டியானாலும் ஆறிய இன்ஜினை முதல் தடவை ஸ்டார்ட் செய்வதை நீங்களே பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒருமுறை காலை ஏழு மணிக்கு ஒரு வண்டி பார்க்கப் போனேன். பானெட்டில் கை வைத்தால் சுட்டது. விற்கிறவர் முன்னாடியே ஓட விட்டு வைத்திருந்தார். பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். லூசான செயின் ஆறிய இன்ஜினில்தான் இரண்டு மூன்று விநாடி சலசலக்கும், சூடானதும் பெரும்பாலும் அடங்கிவிடும். சூடான பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குப்குப்பென்று புகை தள்ளினால் பேக் கம்ப்ரஷன் இருக்கிறது, அதாவது சிலிண்டரின் அழுத்தம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிகிறது; பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். இது இரண்டுக்கும் பொருந்தும்.

என் ஓட்டு இன்னோவாவுக்கே. ஒருவரே வைத்து ஓட்டிய, ஆயில் மாற்றிய பில்கள் வரிசையாக இருக்கிற டிசையர் கிடைத்தால் மட்டும் யோசிப்பேன். இன்னோவா வாங்கி, பெல்ட் மாற்றிய பில் கைக்கு வரவில்லை என்றால், வீட்டுக்குப் போகும் முன் பட்டறைக்கு விட்டு பெல்ட்டையும் டென்ஷனர் பேரிங்கையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.