கல்லீரல் கொடுப்பவருக்கு என்ன பாதுகாப்பு? சென்னை மருத்துவமனை ஒன்றின் சேவை குறித்து

என் தந்தைக்குக் கல்லீரலின் வலப்பகுதியைக் கொடுத்தவன் என்ற முறையில், சென்னையிலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்றின் சேவையைக் கொடையாளரின் பக்கம் நின்று மதிப்பிடுகிறேன். நோயாளிக்குக் கிடைத்த சிகிச்சையைப் பற்றிப் பலர் எழுதுகிறார்கள். எந்த நோயும் இல்லாமல் அறுவை மேடையில் படுப்பவரைப் பற்றி எழுதுவோர் குறைவு.

முதலில் முன்வந்தவர் என் அண்ணன். அவருடைய கல்லீரலில் கொழுப்பு மிகுதியாகப் படிந்திருப்பது ஸ்கேனில் தெரிந்ததும், வீட்டார் எவ்வளவு வற்புறுத்தியும் மருத்துவர்கள் அவரை ஏற்கவில்லை. தந்தையின் உடல்நிலை நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்த வேளையிலும் மறுக்கத் துணிந்த அந்த உறுதிக்கே என் முதல் மதிப்பெண்.

எனக்கான பரிசோதனைகளில் அவசரமே தென்படவில்லை. பெரியவர்களுக்கு மாற்றும்போது பெரும்பாலும் எடுக்கப்படும் வலப்பகுதி, மொத்தக் கல்லீரலில் ஏறத்தாழ 60 சதவீதத்துக்கும் மேல் இருக்கும் என்பதால், எனக்கு மிஞ்சுவது குறைந்தது 30 முதல் 35 சதவீதமாவது இருக்குமா என்பதை சி.டி. ஸ்கேன் மூலம் அளந்தார்கள். பித்தநாளங்கள் எப்படிக் கிளைக்கின்றன என்பதை எம்.ஆர்.சி.பி. எனப்படும், பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூலம் பார்த்தார்கள். பித்தக்கசிவு, இரத்தப்போக்கு, நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக்கட்டி, தழும்பில் ஏற்படும் குடலிறக்கம் என எனக்கு நேரக்கூடிய சிக்கல்கள் ஒவ்வொன்றையும் தமிழிலேயே விளக்கினார்கள். வலப்பகுதி கொடுப்பவர்களில் ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பேர் வரை உயிரிழக்கக்கூடும் என்பதையும் மறைக்கவில்லை.

எல்லாவற்றிலும் மேலாக நான் மதிப்பது, குடும்பத்தார் யாருமில்லாத அறையில், அறுவைக் குழுவைச் சேராத மருத்துவர் ஒருவர் என்னுடன் தனியாகப் பேசியதைத்தான். எனக்கு விருப்பமில்லையென்றால், மருத்துவக் காரணங்களால் பொருந்தவில்லை என்று மட்டுமே வீட்டாரிடம் தெரிவிப்பதாகவும், அறுவை அரங்குக்குள் செல்லும் வரை மனம் மாற எனக்கு உரிமை உண்டென்றும் அவர் சொன்னார். நம் நாட்டில் உயிரோடு உறுப்பு கொடுப்பவர்களில் பெண்களே பெரும்பான்மை; மனைவியோ தாயோ "முடியாது" என்று வாய்திறக்க முடியாத வீடுகள் எத்தனை என்பதை நினைத்தால், இந்தத் தனி அறை எந்தப் பரிசோதனைக்கும் குறைந்ததல்ல.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கவனிப்பு மிகச் சிறப்பாக இருந்தது. அறுவை முடிந்த பின்னரே கொடையாளருக்கு ஆபத்து நேரக்கூடும் என்பதற்கு நியூயார்க்கில் ஒரு துயரமான சான்று உண்டு: 2002 ஜனவரியில் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் சகோதரருக்குக் கல்லீரல் கொடுத்தவர் மூன்று நாட்களில் இறந்தார்; அவருக்கு அளிக்கப்பட்ட கவனிப்பில் இருந்த குறைகளை மாநில அரசின் விசாரணை சுட்டிக்காட்டியது.

எனக்கு ஏமாற்றம் வீடு திரும்பிய பிறகு தொடங்கியது. தந்தையின் இரத்தப் பரிசோதனைகளுக்கு ஒருங்கிணைப்பாளர் தவறாமல் அழைத்தார். எனக்கு அடுத்த பரிசோதனை எப்போது என்று கேட்டபோது, வலி இருந்தால் வரச் சொன்னார்கள். மிஞ்சிய கல்லீரல் சில மாதங்களில் பெருமளவு வளர்ந்துவிடும் என்பது உண்மையே. அது முறையாக வளர்ந்திருக்கிறதா, பித்தநாளத்தில் சுருக்கம் ஏதும் உண்டா என்பதைப் பரிசோதிக்காமல் எப்படி அறிவது? அந்த ஸ்கேனை வெளியே என் செலவில்தான் எடுத்துக்கொண்டேன்.

அறுவைக்கு முந்தைய பணிக்காக இந்த மருத்துவமனையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால், முன்பணம் கட்டுவதற்கு முன், கொடையாளருக்கான தொடர் பரிசோதனைத் தேதிகளும், பின்னாளில் அவருக்குச் சிக்கல் நேர்ந்தால் செலவை யார் ஏற்பது என்பதும் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எங்களுக்குத் தந்த பேக்கேஜில் இரண்டும் இல்லை.