செங்கோட்டைப் பழைய புத்தகக் கடையும் ஜாடியில் இருந்த கையும்

செங்கோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயிலடிக்குப் போகிற வழியில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு பழைய புத்தகக் கடை. வாசலில் பள்ளிக்கூட நோட்ஸும் மலையாள வார இதழ்களும்தான் கிடக்கும். அதைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். உள்ளே, மர ஏணிக்குப் பின்னால், இங்கிலீஷ் புத்தகங்கள் இருக்கின்றன.

நான் புனலூரில் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். தினமும் ரயில். வழியில் படிக்க ஷெர்லாக் ஹோம்ஸ் கேட்டேன். அண்ணாச்சி, "ஹோம்ஸை எல்லாரும் படிச்சாச்சும்மா. அதே ஆளு எழுதுன பேய்க்கதையப் படிச்சிருக்கியா?" என்று, அட்டை கிழிந்த ஒரு தொகுப்பை எடுத்துத் தந்தார். நாற்பது ரூபாய். திருப்பிக் கொடுத்தால் பாதி கிடைக்கும்.

அதில், ஹோம்ஸ் கதைகளை எழுதிய கோனன் டாயில் 1899இல் எழுதிய 'பிரவுன் ஹேண்ட்' கதை இருந்தது. பம்பாயில் பெயர் வாங்கிய ஒரு சர்ஜன், ஆப்கான் மலைக்காரர் ஒருவருக்குக் கையை எடுக்கிறார். செத்தபிறகு உடம்பு முழுசாக வேண்டும் என்பது அந்த மனிதரின் நம்பிக்கை. அதனால் டாக்டர் கையைப் பத்திரமாக வைத்திருப்பதாக வாக்குக் கொடுக்கிறார். தீ விபத்தில் அது போய்விடுகிறது. அப்புறம் இங்கிலாந்து வீட்டில், ராத்திரி தவறாமல், ஒரு உருவம் ஜாடி ஜாடியாகத் தேடுகிறது.

உடல் பாகங்கள் கெடாமல் வைக்கிற ஃபார்மலின் ஜாடிகளோடு புழங்குகிறவள் நான். லேபிளில் வலதா இடதா என்று எழுதாமல் வந்தால் மாதிரியை வாங்கவே மாட்டோம். கதையில் டாக்டரின் உறவினர் வேறொரு கையைக் கொண்டுவந்து வைக்கிறார். உருவம் அதை எடுத்துப் பார்த்து, வீசி எறிகிறது. அவர் கொண்டுவந்தது இடது கை! ஆரியங்காவு குகைக்குள் ரயில் போகும்போது இதைப் படித்தேன். வெளிச்சத்துக்கு வந்த பிறகும் கை சில்லென்றுதான் இருந்தது. பயம் மட்டுமில்லை. தன் கையைத் தேடி அலைகிற அந்த மனிதருக்காக அழுகையே வந்துவிட்டது.

அடுத்து அகதா கிறிஸ்டி. 1933இல் வந்த 'ஹவுண்ட் ஆஃப் டெத்' தொகுப்பு. இங்கிலாந்தில் முதலில் இதைக் கடையில் விற்கவில்லை, பத்திரிகைக் கூப்பன் சேர்த்து அனுப்பியவர்களுக்குத்தான் கொடுத்தார்கள். அதில் 'தி லேம்ப்' என்ற சின்னக் கதை: காலியான வீட்டில் பசியோடு அப்பாவுக்காகக் காத்திருந்த பிள்ளையின் அழுகை. பிள்ளை வைத்திருப்பவர்கள் பகலில் படியுங்கள்.

குறையும் உண்டு. சாரல் மாதங்களில் புத்தகங்களில் ஈர வாடை, பூஞ்சை. ஒரு புத்தகத்தில் கடைசி நாலு பக்கம் இல்லை. சொன்னதும் அண்ணாச்சி முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டார். இருந்தாலும் வாங்கும் முன் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்து எழுத்தாளர் வில்கி காலின்ஸ் எழுதிய பேய்க்கதை கேட்டிருக்கிறேன். பழைய தினத்தாளில் சுற்றி, கல்லாவுக்குக் கீழே எடுத்து வைத்திருப்பதாக அண்ணாச்சி நேற்று சொன்னார். சனிக்கிழமை சம்பளம் வந்ததும் போகிறேன்.