‘கேஸ் கம்மியா இருக்கு’ என்று சொன்னால் முதலில் தண்ணீரை அளக்கச் சொல்லுங்கள்

தண்ணீர்ச் சுற்றில் இயங்கும் ஹீட் பம்ப் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று பணத்தை வாங்கிக்கொண்டு ஒரு சர்வீஸ் நிறுவனம் எங்கள் யூனிட்டை என்ன பாடு படுத்தியது என்று சொல்கிறேன். பெயர் போடவில்லை. இதே வேலையை வேறு யாரும் செய்யக்கூடும், அதனால் எப்படி ஏமாற்றினார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

எங்கள் கட்டடத்தில் எல்லா வீடுகளுக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்ச் சுற்று ஓடுகிறது. வீட்டுக்கு ஒரு யூனிட், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே. அறையைக் குளிர்விக்கும்போது உள்ளே இருக்கும் சூட்டை அந்தத் தண்ணீரில் தள்ளும். குளிர்காலத்தில் அதே தண்ணீரிலிருந்து சூட்டை எடுத்து அறைக்குக் கொடுக்கும். சாதாரண ஏசியில் வெளியே இருக்கும் ஃபேன் செய்கிற வேலையை இங்கே தண்ணீர் செய்கிறது. தண்ணீர் சரியாக ஓடவில்லை என்றால் சூடு போக வழியில்லை, கேஸின் அழுத்தம் ஏறும், ஒரு கட்டத்தில் யூனிட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும்.

குளிர்ச்சி குறைகிறது என்று புகார் சொன்னதும் அந்த நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். வந்தவுடனே கேஸின் அழுத்தத்தை அளக்கும் கேஜை எடுத்தார். நீலக் குழாயை மட்டும் மாட்டினார். சிவப்புக் குழாய் பையை விட்டு வெளியே வரவே இல்லை. அதாவது, குறைந்த அழுத்தப் பக்கத்தை மட்டும் பார்த்தார். “கேஸ் கம்மியா இருக்கு சார், டாப் அப் பண்ணிட்டா சரியாயிடும்” என்றார். ஒப்பந்தத்துக்கு மேல் தனிக் கட்டணம். சிலிண்டரைத் தராசில் வைக்கவில்லை, எவ்வளவு ஏற்றினார் என்று ரசீதிலும் இல்லை.

ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் அந்தப் பக்கத்து அழுத்தம் குறைவாகத்தான் காட்டும். எங்கள் ஃபில்டர் அன்றைக்குத் தூசியால் சாம்பல் நிறப் போர்வை மாதிரி மூடிக்கிடந்தது. அதை அவர் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொன்று, கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓடி ஓடித் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய சுற்றுக்குள் அப்படியே இருக்கும். உண்மையிலேயே குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். கசிவைத் தேடாமல் கேஸை மட்டும் ஏற்றுகிறவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். எங்கள் யூனிட்டில் இருப்பது ஆர்-410ஏ என்கிற கேஸ். அதில் ஒரு கிலோ கசிந்து காற்றில் கலந்தால் ஏறக்குறைய இரண்டு டன் கார்பன் டை ஆக்சைடு கலந்ததற்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். கசிவை விட்டுவிட்டு மேலே மேலே ஏற்றுவது அந்த வகையிலும் பெரிய குற்றம்.

அப்புறம்தான் உண்மையான தொல்லை ஆரம்பித்தது. வெயில் ஏறினால் யூனிட் ட்ரிப் ஆகும். பிரேக்கரை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி நிற்கும். திரும்பக் கூப்பிட்டோம். இந்த முறை வேறொருவர் வந்தார். பேனலைத் திறந்து ஏதோ செய்துவிட்டு, “இனிமே ட்ரிப் ஆகாது சார்” என்றார். ட்ரிப் ஆகவில்லைதான். ஆனால் கம்ப்ரஸர் உறுமுகிற சத்தம் பக்கத்து அறை வரை கேட்டது. பேனலில் கை வைத்தால் சுட்டது. மூன்றாவதாக வந்தவர் அதே சத்தத்தைக் காட்டி, கம்ப்ரஸர் போய்விட்டது, யூனிட்டையே மாற்றிவிடுங்கள் என்று விலைப்பட்டியலை நீட்டினார். கம்ப்ரஸர் மோட்டாரின் கம்பிச் சுற்றுகளை மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. கெபாசிட்டரையும் பார்க்கவில்லை.

மாற்றுவதற்கு முன்னால் இன்னொருவரிடம் காட்டலாம் என்று, தனியாக வேலை எடுத்துச் செய்யும் ஒரு பெரியவரைக் கூப்பிட்டோம். அவர் கேஜைத் தொடவே இல்லை. தண்ணீர்க் குழாயில், யூனிட்டுக்குள் போகும் இடத்திலும் வெளியே வரும் இடத்திலும், அளப்பதற்கென்றே சின்ன மூடி போட்ட துளைகள் இருக்கும். அதில் ஊசி மாதிரியான தெர்மாமீட்டரைச் செருகினார். உள்ளே போகும் தண்ணீர் 28 டிகிரி, வெளியே வருவது 44. “இது 5, 6 டிகிரி ஏறணும் தம்பி. 16 ஏறுதுன்னா ஓட வேண்டிய தண்ணியில மூணுல ஒரு பங்குதான் ஓடுது” என்றார். ஒரு டன் குளிர்ச்சிக்கு நிமிடத்துக்குச் சுமார் 10, 11 லிட்டர் தண்ணீர் ஓட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. உங்கள் யூனிட்டுக்கு எவ்வளவு என்பது அதன் கையேட்டில் இருக்கும்.

அடுத்து ஸ்ட்ரெய்னரைக் காட்டினார். தண்ணீரில் வரும் துருவையும் மண்ணையும் பிடிக்க உள்ளே சல்லடை வைத்த பகுதி அது. அந்த நிறுவனம் ஒவ்வொரு சர்வீஸ் ரிப்போர்ட்டிலும் ‘ஸ்ட்ரெய்னர் சுத்தம் செய்யப்பட்டது’ என்று டிக் போட்டுக் கொடுத்திருக்கிறது. ஆனால் குழாய்க்குப் பெயின்ட் அடித்தபோது ஸ்ட்ரெய்னர் மூடியின் மேலும் சேர்த்து அடித்திருந்தார்கள். மூடிக்கும் உடம்புக்கும் நடுவில் அந்தப் பெயின்ட் ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. ஒப்பந்தம் போட்டது பெயின்ட் அடித்ததற்குப் பிறகு. எனக்கு வயிறு எரிந்தது. திறந்தால், சல்லடைக்குள் கறுப்புச் சேறும் துருச் செதில்களும் கெட்டியாக அடைத்துக்கொண்டிருந்தன.

பேனலுக்குள் இன்னும் மோசம். அழுத்தம் எல்லை மீறினால் யூனிட்டை நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்ச் ஒன்று உண்டு. ஆர்-410ஏ யூனிட்களில் அது பொதுவாக 600 பிஎஸ்ஐ பக்கத்தில் வேலை செய்யும். அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, சுவிட்ச் இல்லாத மாதிரி ஆக்கிவைத்திருந்தார்கள். “இனிமே ட்ரிப் ஆகாது” என்றதற்கு அர்த்தம் இதுதான். ஆள் இருக்கிற வீட்டில், தலைக்கு மேலே இருக்கிற இயந்திரத்தில் இப்படிச் செய்ய எப்படி மனம் வந்தது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

பெரியவர் வயரை எடுத்துவிட்டு, கேஸ் முழுவதையும் ஒரு காலி சிலிண்டரில் இறக்கித் தராசில் வைத்தார். இருக்க வேண்டிய கேஸ் என்று யூனிட்டின் நேம் பிளேட்டில் போட்டிருப்பது 1.42 கிலோ. இறங்கியது 1.80. குறைவாக இருக்கிறது என்று சொன்ன கேஸ், இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருந்தது. வேக்யூம் போட்டு, அதாவது உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுத்து, எடை பார்த்து, நேம் பிளேட்டில் உள்ள அளவை மட்டும் திரும்ப ஏற்றினார்.

ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் செய்த பிறகும் தண்ணீர் முழுசாக ஓடவில்லை. சூடு மாறும் குழாய்ச்சுருளில் உப்புப் படிந்திருந்தது. இரண்டு பக்கமும் வால்வை மூடி, அதற்கென்றே உள்ள கரைசலைச் சின்ன பம்பு வைத்துச் சுற்றவிட்டார். நுரை வருவது நின்றதும் நல்ல தண்ணீரில் அலசினார். இந்த இடத்தில் கவனம் தேவை. கடையில் கிடைக்கும் ஆசிட்டை அப்படியே ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது உப்பைக் கரைப்பதோடு நிற்காமல் உலோகத்தையும் தின்னும். எந்தக் கரைசல், எவ்வளவு நேரம் என்று யூனிட்டின் கையேட்டைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

கம்ப்ரஸருக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது தண்ணீர் 6 டிகிரிதான் ஏறுகிறது, ட்ரிப் இல்லை, சத்தமும் இல்லை.

பெயின்ட் கலையாத மூடி, அந்தத் துண்டு வயர், தராசு காட்டிய எடை, மூன்றையும் படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பினேன். ‘எங்கள் டெக்னீஷியன்கள் நடைமுறைப்படியே செயல்பட்டுள்ளனர்’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. பணம் திரும்பி வரவில்லை. ஒப்பந்தத்தை முறித்துவிட்டோம். எழுத்துப்பூர்வமான புகாரும் போயிருக்கிறது.

இனி யார் சர்வீஸுக்கு வந்தாலும், உள்ளே போகும் தண்ணீரின் சூடு, வெளியே வரும் தண்ணீரின் சூடு, இரண்டையும் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். எண் இல்லாமல் வெறும் டிக் போட்ட தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அடிக்கடி ட்ரிப் ஆகிக்கொண்டிருந்த யூனிட் யாரோ வந்து போன பிறகு திடீரென்று ட்ரிப் ஆவதை நிறுத்தி, சத்தம் மட்டும் கூடியிருந்தால், இன்றைக்கே பிரேக்கரை அணையுங்கள். அந்தப் பாதுகாப்பு சுவிட்ச் இணைப்பில்தான் இருக்கிறதா என்று தெரிந்த ஒருவர் திறந்து பார்த்துச் சொல்லும்வரை போடாதீர்கள்.