பிஎம்இஜிபி லோன்ல மசாலா யூனிட் போட்டு மூணு வருஷம் தாண்டியாச்சு: என் அனுபவம்

பிஎம்இஜிபி (புதுசா சிறுதொழில் ஆரம்பிக்க மானியத்தோட பேங்க் லோன் தர்ற மத்திய அரசுத் திட்டம்) பத்தி தேடுனா "35% மானியம்"னு பெருசா போட்ட வீடியோதான் வருது, வாங்கி தொழில் நடத்துனவங்க முழுசா சொல்றது கம்மி, அதான் எழுதறேன். எங்களுது கிராமம், மசாலா அரைக்கிற யூனிட், திட்ட மதிப்பு 6 லட்சம். பொண்ணுங்களுக்கு கிராமத்துல 35%, டவுன்ல 25% மானியம், கைக்காசு 5% போட்டா போதும். நான் போட்டது 30 ஆயிரம், மீதி 5.70 லட்சம் பேங்க் லோன், மானியம் 2.10 லட்சம்.

இந்த மானியம் கைக்கு வராதுங்க. பேங்க்லயே 3 வருஷம் டெபாசிட்டா கிடக்கும், அதுக்கு நமக்கு வட்டி கிடையாது, லோன்ல அந்த அளவு தொகைக்கு அவங்களும் வட்டி போட மாட்டாங்க, அப்புறம் ஆள் நேர்ல வந்து யூனிட் ஓடுதான்னு பாத்துட்டுதான் கடன்ல கழிப்பாங்க. எனக்கு கழிச்சாச்சு, பாஸ்புக்ல அந்த வரிய பாத்தப்ப அவ்ளோ நிம்மதி. ஆனா அதுவரைக்கும் தாக்குப்பிடிக்கணுமே.

பல்வரைசர்ங்கற அரைக்கற மெஷின், வறுக்கற மெஷினுக்கெல்லாம் கொட்டேஷன் குடுத்தா பணம் நேரா டீலருக்கே போயிருது, அதுல பிரச்சனையே இல்ல. திணறடிச்சது சரக்கு வாங்குற காசுதான். மாசி பங்குனில மிளகா வத்தல் வரத்து நல்லா இருக்கறப்பவே மூட்டை மூட்டையா வாங்கிப்போட்டாதான் கட்டுப்படியாகும், ஆடிக்கு மேல கிலோ கிலோவா வாங்குனா லாபம் பூரா அதுலயே போயிரும், கடைக்காரங்களோ பாக்கெட்ட இறக்கிட்டு அடுத்த மாசம் வாங்கம்மாம்பாங்க, தவணை தேதி மட்டும் டான்னு வந்து நிக்கும். அந்த நேரத்துல கைகுடுத்தது எங்க மகளிர் குழு லோன்தான். இந்த மாதிரி சரக்கு வாங்கி தொழில ஓட்டற காச, அதாவது நடைமுறை மூலதனத்தையும் ப்ராஜெக்ட்லயே சேக்கலாம், ஆனா ரிப்போர்ட் எழுதித்தரவங்க பெரும்பாலும் மெஷினுக்கே போட்டு முடிச்சுடறாங்க. புதுசா போடறவங்க இத கேட்டு எழுதவைங்க.

நான் லோன் போட்டப்பவே 10 லட்சம் வரைக்கும் சிறுதொழில் கடனுக்கு சொத்து ஜாமீன் கேக்கக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதி இருந்துச்சு. நான் முதல்ல போன கிளைல வீட்டுப் பத்திரம் கேட்டாங்க, வீட்டுக்காரர கூட்டிட்டு வரச்சொல்லி கேள்வி பூரா அவர்கிட்டயே கேட்டாங்க, அரைக்கறது நான், விக்கறது நான். மாவட்ட தொழில் மையத்துல சொன்னப்புறம் வேற கிளைக்கு மாத்திவிட்டாங்க, அங்க ஒழுங்கா நடந்துச்சு.

இன்னொன்னு மனசுல உறுத்துது. பொண்ணுங்க பேர்ல போட்டா மானியம் ஜாஸ்திங்கறதால பொண்டாட்டி பேர்ல லோன், தொழில் பூரா புருஷன் கையிலன்னு எங்க பக்கமே பாக்கறேன். எத்தன பெண்களுக்கு குடுத்தோம்னு மட்டும் எண்ணுனா அதெல்லாம் வெற்றிக் கணக்குல வந்துரும். மூணு வருஷம் கழிச்சு ஆய்வுக்கு வரவங்க மெஷின மட்டும் பாக்காம கல்லா யார் கைல இருக்குன்னும் பாத்தா நல்லாருக்கும்.

சின்னதா ஆரம்பிக்கறவங்களுக்கு முத்ரா கடன் திட்டத்துல சிசுங்கற பிரிவுல 50 ஆயிரம் வரைக்கும் இருக்கு, மானியம் கிடையாது. ஏற்கனவே உணவுத்தொழில் பண்றவங்கன்னா பிஎம்எஃப்எம்இ (சின்ன உணவுத்தொழிலுக்கான மத்திய அரசுத் திட்டம்) பாருங்க, அதுலயும் மானியம் 35% தான், அதிகபட்சம் 10 லட்சம், ஏன்னா பிஎம்இஜிபி முதல் லோன் புது யூனிட்டுக்கு மட்டும்தான். பழைய கடன ஒழுங்கா கட்டி முடிச்சா விரிவாக்கத்துக்கு ரெண்டாவது லோன் உண்டு, 15% மானியத்தோட. என் பாக்கி முடிஞ்சதும் அதுக்கு போடப்போறேன், இந்த தடவ வத்தல் வாங்கற காசையும் சேத்து.