மேக் முகவரி: வாங்குவதா, குலுக்கி எடுப்பதா, பெயரிலிருந்து கணக்கிடுவதா?

கடையில் வாங்கும் நெட்வொர்க் கார்டு நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் 48 பிட் (ஆறு பைட்) எண்ணோடுதான் வருகிறது, அதுதான் மேக் முகவரி. விர்ச்சுவல் மெஷின் (ஒரு கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி), கண்டெய்னர் (தனியாக அடைத்து ஓட்டப்படும் மென்பொருள்), நாமே வடிவமைத்த போர்டு போன்றவற்றுக்குத்தான் முகவரியை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வி எழுகிறது.

எந்த வழியில் போனாலும் முதல் பைட்டின் கடைசி இரண்டு பிட்டுகளைக் கவனிக்க வேண்டும். கடைசி பிட் 1 என்றால் அது மல்டிகாஸ்ட் முகவரி (பல கருவிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்புவதற்கானது), தனி ஒரு கருவிக்கு ஆகாது. அதற்கு முந்தைய பிட் 1 என்றால் யாரோ உள்ளூரில் வைத்துக்கொண்டது, 0 என்றால் இந்த முகவரிகளைப் பங்கிடும் ஐஇஇஇ (IEEE) அமைப்பிடம் பதிவான தொகுதியைச் சேர்ந்தது. சுருக்கமாக, ஹெக்ஸில் (16 அடிமான எண்ணில்) இரண்டாவது எழுத்து 2, 6, ஏ (A), ஈ (E) என்றிருந்தால் உள்ளூர் முகவரி. உங்கள் போனின் வைஃபை முகவரியில் அந்த எழுத்தைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 தொடங்கி போன்கள் தங்கள் உண்மை முகவரியை மறைத்து இப்படி ஒன்றைத்தான் காட்டுகின்றன.

விலைக்கு வாங்குவது கருவி செய்து விற்பவர்களுக்கான வழி. ஐஇஇஇ மூன்று அளவில் தொகுதி தருகிறது: சுமார் 1.68 கோடி, 10.48 லட்சம், 4,096 முகவரிகள். பொருள் வெளியே விற்பனைக்குப் போகிறது என்றால் வேறு பேச்சே இல்லை. சோதனைக்கூடத்துக்கு இது வீண் செலவு.

குலுக்கி எடுப்பதில் இரண்டு விதம் உண்டு. விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் கியூஇஎம்யூ (QEMU) மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் வழக்கமாக 52:54:00 என்று தொடங்கி மீதி 24 பிட்டை மட்டும் குலுக்குவார்கள். பார்த்தவுடன் விர்ச்சுவல் மெஷின் என்று தெரிந்துவிடும், வசதிதான். ஆனால் ஒரே நெட்வொர்க்கில் 1,000 மெஷின் இருந்தால் எங்காவது இரண்டு முகவரி மோதிக்கொள்ள ஏறக்குறைய 3 சதவீத வாய்ப்பு. 5,000 ஆனால் அது பாதியைத் தாண்டுகிறது! முதல் பைட்டின் அந்தக் கடைசி இரண்டு பிட் போக மீதி 46 பிட்டையும் குலுக்கினால், 1,000 மெஷினுக்கு மோதும் வாய்ப்பு சுமார் 14 கோடியில் ஒன்று.

மோதினால் என்ன ஆகும்? நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் ஸ்விட்ச் ஒரே முகவரியை ஒரு நொடி மூன்றாம் போர்ட்டில் பார்க்கும், அடுத்த நொடி ஏழாம் போர்ட்டில் பார்க்கும். பிங் (இணைப்பைச் சோதிக்கும் செய்தி) வரும், போகும். கேபிளைத்தான் முதலில் சந்தேகப்படுவோம். இரண்டும் ரவுட்டருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருந்தால் ஒரு தொல்லையும் இல்லை, மேக் முகவரி ரவுட்டரைத் தாண்டுவதில்லை.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு: மெஷினின் பெயரையும் இன்டர்ஃபேஸ் எண்ணையும் சேர்த்து ஹாஷ் செய்து (ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே எண்ணைத் தரும் கணக்கு), முதல் ஆறு பைட்டை எடுத்துக்கொள்வது. மெஷினை அழித்துத் திரும்பக் கட்டினாலும் அதே முகவரி வரும், ஐபி முகவரிகளைப் பங்கிடும் டிஎச்சிபியில் அந்த மெஷினுக்கு ஒதுக்கிய ஐபியும் அப்படியே நிற்கும். குலுக்கல் முறையில் இது வேண்டுமென்றால் முகவரியை எங்காவது எழுதி வைத்துப் பராமரிக்க வேண்டும். கண்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் மென்பொருள் நெடுங்காலம் கையாண்ட வழியும் இதற்கு உறவுதான்: 02:42 போட்டு, மீதி நான்கு பைட்டில் கண்டெய்னரின் ஐபியையே வைப்பது. அதில் ஐபி மாறினால் முகவரியும் மாறிவிடும், அதனால் எனக்கு அவ்வளவு பிடித்தமில்லை.

ஹாஷிலிருந்து வந்ததை அப்படியே போட்டுவிடக் கூடாது. முதல் பைட் 57 என்று வருகிறது என்று வையுங்கள். இரும எண்ணில் அது 0101 0111, அதாவது மல்டிகாஸ்ட். லினக்ஸ் அதை ஏற்காது. கடைசி இரண்டு பிட்டை 10 ஆக்கினால் 0101 0110, ஹெக்ஸில் 56. இப்போது சரி. இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டால் ஏறக்குறைய பாதி முகவரிகள் மல்டிகாஸ்டாகத்தான் விழும். முகவரி உருவாக்கித் தரும் எந்தக் கருவியையும் இதை வைத்தே சோதிக்கலாம்: பத்துப் பதினைந்து முகவரி எடுத்து, முதல் பைட் ஒன்றிலாவது ஒற்றைப்படையாக இருந்தால் அதை மூடிவிடுங்கள்.

அப்புறம், பெயருக்குப் பதில் மெஷின் ஐடியை (லினக்ஸ் ஒவ்வொரு மெஷினுக்கும் வைக்கும் அடையாள எண்) ஹாஷ் செய்பவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே இமேஜிலிருந்து குளோன் செய்த மெஷின்களில் அந்த ஐடியை மாற்றாமல் விட்டால், எல்லாவற்றுக்கும் ஒரே முகவரிதான் கிடைக்கும்.