ஐசிடி வச்சு பல வருஷம் ஆச்சு: ஏஎஃப், தேவையில்லாத ஷாக், செட்டிங் பத்தி என் அனுபவம்

ஐசிடி (இதயத் துடிப்பு ஆபத்தா எகிறினா ஷாக் குடுத்து சரிபண்ண உடம்புக்குள்ள வைக்கற கருவி) வச்சுக்கப்போறவங்க எல்லாரும் மொதல்ல கேக்கறது ஷாக் அடிச்சா வலிக்குமான்னுதான். வலிக்கும், நெஞ்சுல யாரோ எட்டி ஒதச்ச மாதிரி இருக்கும். ஆனா பல வருஷம் இதோட வாழ்ந்த பிறகு நான் சொல்றது, துடிப்பு எந்த ஸ்பீடுக்கு மேல போனா, எத்தன செகண்ட் காத்திருந்து ஷாக் அடிக்கற மாதிரி செட் பண்ணிருக்கீங்கன்னு டாக்டர்கிட்ட கண்டிப்பா கேளுங்க.

எனக்கு இதயத்தோட பம்பிங் ரொம்ப கம்மியா இருந்ததால முன்னெச்சரிக்கையா வச்சாங்க. அப்புறம்தான் ஏஎஃப் வந்துச்சு, அதாவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதுல இதயத்தோட மேல் அறை நிமிஷத்துக்கு 350லருந்து 600 வரைக்கும் தாறுமாறா துடிக்கும், நடுவுல இருக்கற ஏவி நோட் அதுல கொஞ்சத்ததான் கீழ விடும், ஆனா மாத்திரை விட்டுப்போனாலோ காய்ச்சல் வந்தாலோ அது நெறைய விட்டுடும், கீழ் அறையும் 180, 190னு ஓட ஆரம்பிக்கும், ஐசிடி அந்த ஸ்பீட பாத்துட்டு உயிருக்கு ஆபத்தான விடின்னு (கீழ் அறையிலயே கெளம்பற வேகத் துடிப்பு) நெனச்சு ஷாக் அடிச்சிடலாம். எனக்கு அப்படித்தான் ஆச்சு, மாடிப்படி ஏறிட்டிருந்தேன், மயக்கம் இல்ல, முழு நினைவோட இருக்கும்போதே அடிச்சுது, கொஞ்ச நேரத்துல இன்னொன்னு. ஆஸ்பத்திரியில டிவைஸ் ரெக்கார்டிங்க எடுத்துப் பாத்தா விடி எதுவுமே இல்ல, வெறும் ஏஎஃப்.

அதுக்கப்புறம் பல மாசம் படி ஏறவே பயம், ராத்திரி தூங்கப்போனா கை தானா நாடியத் தேடும். இத யாரும் லேசா எடுத்துக்காதீங்க, டாக்டர்கிட்ட சொல்லி கவுன்சிலிங் கேளுங்க, எனக்கு உண்மையிலயே உதவுச்சு.

செட்டிங் மாத்தினதுதான் பெரிய திருப்பம். ஷாக் அடிக்கற ஸ்பீட ஏத்தினாங்க, காத்திருக்கற நேரத்த கூட்டினாங்க, மொதல்ல ஏடிபி ட்ரை பண்ற மாதிரி வச்சாங்க (ஷாக் இல்லாம வேகமா பேஸ் பண்ணி விடிய நிறுத்தறது). 2012ல வந்த மேடிட்-ரிட் ஸ்டடியிலயும் இதேதான், 200க்கு மேல போனாதான் ட்ரீட்மெண்ட்னு வச்சவங்களுக்கும், 170க்கு மேல போனா 60 செகண்ட் காத்திருக்க வச்சவங்களுக்கும் தேவையில்லாத ட்ரீட்மெண்ட் நல்லா கொறஞ்சுது. அது என்ன மாதிரி முன்னெச்சரிக்கையா வச்சவங்கள வச்சு நடந்தது, ஏற்கனவே விடி வந்து வச்சவங்களுக்கு அப்படியே பொருந்தாது, டாக்டர்தான் முடிவு பண்ணணும். எனக்கு அதுக்கப்புறம் நெஜமாவே ஒரு விடி வந்திருக்கு, ஏடிபியிலயே நின்னுடுச்சு, அடுத்த செக்கப்ல ரிப்போர்ட் பாத்துதான் எனக்கே தெரியும். ஆபத்தானது சத்தமில்லாம போச்சு, ஆபத்தில்லாததுக்கு ரெண்டு ஷாக் வாங்கினேன், அதனாலதான் செட்டிங் செட்டிங்னு அடிச்சுக்கறேன்.

கட்டில் பக்கத்துல வைக்கற மானிட்டர் பாக்ஸ் ராத்திரியில தானா ரிப்போர்ட் அனுப்பிடும், ரொம்ப உபயோகம், ஆனா அந்த நேரமே யாராவது பாத்துட்டு ஓடி வருவாங்கன்னு நம்பிடக் கூடாது. சில பேருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே ஏஎஃப் வந்துபோனது இதுலதான் தெரியவரும், அப்ப ரத்தம் உறையாம இருக்க மாத்திரை வேணுமாங்கற கேள்வி வரும். 2023ல வந்த ஆர்டிசியா ஸ்டடியில அபிக்ஸபான்ங்கற அந்த மாதிரி மாத்திரை ஸ்ட்ரோக்க கொறச்சுது, கூடவே பெரிய ரத்தக்கசிவ கூட்டுச்சு, அதனால உங்க வயசு, பிபி, சுகர், பழைய ஸ்ட்ரோக் எல்லாம் வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க, நீங்களா ஆரம்பிக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

மத்தபடி ஃபோன டிவைஸ்லருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைங்க, சட்டை மேல் பாக்கெட்ல வேண்டவே வேண்டாம், காந்தம் பக்கத்துல வந்தா விடி வந்தாலும் ட்ரீட்மெண்ட் குடுக்காம இருந்துடும். ஒரு ஷாக் வந்து நல்லா இருந்தீங்கன்னா கிளினிக்குக்கு கால் பண்ணுங்க, ரெண்டோ அதுக்கு மேலயோ வந்தாலும், ஒரே ஷாக்குக்கு அப்புறம் மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தாலும் நேரா எமர்ஜென்சிதான்.

பேட்டரி கொறஞ்சிட்டு வருது, சீக்கிரம் ஜெனரேட்டர் (பேட்டரி இருக்கற பெட்டி) மாத்தணும். அப்ப லீடையும் (டிவைஸ்லருந்து இதயத்துக்குப் போற வயர்) நல்லா செக் பண்ணச் சொல்லிருக்கேன், லீட் உள்ள விரிசல் விட்டா அதுல வர்ற நாய்ஸயும் துடிப்புன்னு எண்ணி ஷாக் அடிச்சிடும். டிவைஸ் பீப் அடிச்சாலோ வைப்ரேட் ஆனாலோ அன்னைக்கே சொல்லிடுங்க, அடுத்த செக்கப் வரைக்கும் வைக்காதீங்க.